டி.சி.யைத் திருப்பி வாங்கினேன்

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறேன். என் மகளுக்கு நர்ஸ் ஆக ஆசை. அவள் பத்தாவது முடித்ததும், பஸ் ஸ்டாண்டு பக்கம் நர்சிங் சென்டர் நடத்துகிறவன் வந்தான்.

"பிளஸ் டூ எதுக்குக்கா? நம்ம சென்டர்ல ஒரு வருஷம், நேரா வேலை."

நம்பி அவளுடைய டி.சி., மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டேன்.

மறுவாரம் கால் வெடிப்புக்கு மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். விஷயத்தைக் கேட்ட நர்ஸ், "அந்த சென்டர் தர்ற சர்டிபிகேட் எங்கயும் செல்லாதும்மா. பிளஸ் ஒன்ல பயாலஜி குரூப் சேருங்க. நாளைக்கு அட்மிஷன் முடியுது" என்றார்.

ஓடிப்போய் அவனிடம் கேட்டேன். "உப்பு வார்றவ பொண்ணுக்கு இதுவே ஜாஸ்தி. டி.சி. தர முடியாது" என்று சிரித்தான்.

வெயில் ஏறுமுன் உப்பள வேலை முடிந்துவிடும். மறுநாள் அவன் சென்டரைத் திறக்கும்போது, என்னோடு உப்பு வாருகிறவர்களும் நானுமாகப் பதினோரு பெண்கள் உப்புத் தண்ணீர் சொட்ட வாசலில் உட்கார்ந்திருந்தோம். சேர வந்தவர்களிடம் எங்களில் ஒருத்தி, கமலா, "இங்க படிச்சா எங்ககூட உப்பு வாரத்தான் வருவீங்க" என்றாள். எல்லாரும் திரும்பிப் போனார்கள். மதியத்துக்குள் டி.சி.யும் மார்க் ஷீட்டும் கைக்கு வந்தன. அன்றைக்கே மகளைப் பயாலஜி குரூப்பில் சேர்த்தேன்.

இப்போது யாரிடமும் ஒரிஜினலைக் கொடுப்பதில்லை. அவன் சொன்ன வார்த்தையை மறக்கவும் இல்லை. அட்மிஷன் நாட்களில் வேலை முடிந்ததும் அவன் சென்டர் எதிரே போய் நிற்கிறேன். அவன் சென்டர் போர்டைக் கழட்டும் வரை நிற்பேன்.