கழன்ற நட்டும் கடைசி வார்த்தையும்

வண்டியில் வேறு எது கெட்டாலும் ஓட்டுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். சக்கரம் கழலப் போவது மட்டும் பின்னால் வருகிறவருக்குத் தெரியும். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து ஊரில் மெயின் ரோட்டோரம் நானும் என் கூட்டாளி செல்வமும் வைத்திருக்கிற கடையில் டயர், வீல் வேலை மட்டும்தான். இன்ஜின் பக்கம் நாங்கள் போவதில்லை. அதிலும் பாதி நாள் உடைந்த போல்ட்டோடும் இளகிய நட்டோடும்தான் கழிகிறது. நடுரோட்டில் ஜாக்கி போட்டு, ஸ்பேனரை வைத்து முக்கி முனகி, நட்டு அசையாமல் வேர்த்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், நீங்களும் நம்ம ஆள்தான். மேலே படியுங்கள்.

மீதி மூன்று

குறிஞ்சிப்பாடியிலிருந்து தறித் துணி ஏற்றி வரும் வேனின் டிரைவர் ஜெயராமனுக்கு ஸ்பேனர் மீது நம்பிக்கை கிடையாது. ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று குதிப்பார். நட்டு எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு பத்திரம் என்பது அவர் எண்ணம். போல்ட் ஓரளவுக்குத்தான் இழுபடும், அதற்கு மேல் இழுத்தால் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு, ஏதாவது ஒரு பள்ளத்தில் பட்டென்று முறிந்துவிடும் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் வந்து நின்றார். பின்சக்கரத்தில் ஐந்துக்கு இரண்டு போல்ட் இல்லை. மறுபடியும் அதே குழாயைப் போட்டு மிதித்திருக்கிறார், இரண்டும் ஒரே மூச்சில் போய்விட்டன. உடைந்ததைத் தட்டி எடுத்துப் புதுசு போட மதியம் ஆகும் என்றேன். அவர் குனிந்து சக்கரத்தை நன்றாகப் பார்த்தார். வருத்தம் எதுவும் தெரியவில்லை. சொன்னார்: "மீதி மூணும் கல்லு மாதிரி இருக்குது பாருங்க பாய், அது நம்ம டைட்டு."

இடது மரை

பழைய லாரிகள் சிலவற்றில் இடது பக்கச் சக்கரங்களுக்கு மரை தலைகீழாக இருக்கும். மற்ற நட்டெல்லாம் எந்தப் பக்கம் சுற்றினால் கழலுமோ, இது அந்தப் பக்கம் சுற்றினால் இறுகும். இது தெரியாமல் மாமனும் மச்சானுமாக இரண்டு பேர், எங்கள் கடைக்கு எதிரே லாரியை நிறுத்தி, கடையில் கொடுத்தால் கூலி கேட்பார்கள் என்று தாங்களே கழற்ற ஆரம்பித்தார்கள். ஒருவர் சளைத்தால் மற்றவர் பிடித்தார். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். சுத்தியலால் தட்டினார்கள். கடைசியில் ஒரு போல்ட் 'டொக்' என்று முறிந்ததும் இருவரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். செல்வம் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தவன், ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "அண்ணே, நீங்க இவ்ளோ நேரம் கழட்டல, மாட்டிக்கினு இருந்தீங்க."

சத்தம் எங்கிருந்து?

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கும் இளம் தம்பதி. கணவர் மைன்ஸில் பொறியாளர், மதுரைப் பக்கத்துக்காரர். கார் சக்கரங்கள் உள்ளடங்கித் தெரிவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆன்லைனில் நாலு ஸ்பேசர் வாங்கி மாட்டிவிட்டார். சக்கரத்தைத் தாங்கும் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கிற தடித்த அலுமினிய வட்டுதான் ஸ்பேசர். சக்கரம் அதனால் வெளியே தள்ளி நிற்கும், பார்வைக்கு வண்டி அகலமாகத் தெரியும். ஆனால் அந்த வட்டை ஹப்போடு பிடித்திருக்கிற நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அவை இளகினால் வெளியிலிருந்து பார்க்க முடியாது. வெளி நட்டுகள் இறுக்கமாகவே இருக்கும்.

கொஞ்ச நாளில் வளைவுகளில் 'கடக் கடக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. அவர் தினமும் வெளி நட்டைச் சரிபார்த்துவிட்டு, சத்தம் டிக்கியிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டினார். அவர் மனைவி முதலில் டிக்கியிலிருந்த குழந்தையின் சைக்கிளை எடுத்தார். பிறகு குடை, பிறகு தண்ணீர் கேன். சத்தம் போகவில்லை. கடைசியில் தன் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டே பயணம் செய்திருக்கிறார், அதில் இருக்கிற சாவிக்கொத்துதான் குலுங்குகிறது என்று கணவர் சொன்னாராம்.

நான் சக்கரத்தைக் கழற்றி உள்ளே காட்டினேன். ஸ்பேசரின் நட்டுகளை விரலாலேயே சுற்ற முடிந்தது. ஒரு போல்ட் பாதி அறுந்து பளபளவென்று தெரிந்தது. பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பொறியாளர் அதைத் திரும்பிப் பார்த்தார், பிறகு நாலு ஸ்பேசரையும் கழற்றிவிடச் சொன்னார். மனைவி அவரிடம் சொன்னார்: "இனிமே சத்தம் வந்தா மொதல்ல வண்டிய பாருங்க, அப்புறமா என் பைய பாக்கலாம்."

முந்திரித் தோப்பில்

முத்தாண்டிக்குப்பம் பக்கத்துத் தனலட்சுமி சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறார். சீசனில் பலாப்பழம் ஏற்றுவார். ஒரு நாள் லோடோடு வரும்போது, தன் வண்டியை ஒரு சக்கரம் மட்டும் முந்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். யாருடையதோ என்று நினைத்த அடுத்த நொடி வண்டி இடது பக்கம் சாய்ந்தது. நல்ல வேளை, மெதுவாகத்தான் வந்திருக்கிறார். ஸ்டியரிங்கை விடாமல் பிடித்து ஓரத்தில் நிறுத்திவிட்டார். பழம் நாலைந்து உருண்டதோடு சரி, அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி முந்திரித் தோப்புக்குள் போய்விட்டது. எனக்கு போன் செய்துவிட்டுத் தேடப் போயிருக்கிறார். நானும் போல்ட்டுகளோடு போய்ச் சேர்ந்தபோது, தோப்புக்காரப் பெரியவர் ஒருவர் அந்தச் சக்கரத்தைப் படுக்கப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். வேலி போச்சாம், முந்திரிக் கன்று ஒன்று முறிந்துபோச்சாம். தனலட்சுமி மன்னிப்புக் கேட்டார், வேலியைக் கட்டித் தருகிறேன் என்றார். ரோட்டில் மூன்று சக்கரத்தோடு சாய்ந்து நிற்கும் வண்டியைக் கையால் காட்டினார். பெரியவர் வண்டியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். எழுந்திருக்காமலேயே கேட்டார்: "எல்லாஞ் செரிம்மா, இது உன்னுதுதான்னு நான் எப்பிடி நம்பறது?"

ஐம்பது கிலோமீட்டர்

புதுசாக போல்ட் போட்ட எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், நட்டை இன்னொரு தரம் முடுக்க வேண்டும். யாரும் வருவதில்லை. வந்தவர் ஒருவர்தான் நினைவில் நிற்கிறார். சுரங்கத்துப் பெர்மனன்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்று டவுன்ஷிப்பை ஒட்டி வீடு கட்டிக்கொண்டவர். காரில் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போவதோடு சரி. அந்தக் கணக்கில் ஐம்பது கிலோமீட்டர் சேர மாதக்கணக்காகும். அதுவரை மனசு பொறுக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் ரோடுகளைச் சுற்ற ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு பிளாக்காக, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. கடைக்கு வந்து இறங்கும்போது முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நட்டு ஒன்றுகூட இளகவில்லை. நான் முடுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "செக்யூரிட்டி நிறுத்தி, யாரைத் தேடறீங்க சார்னு கேட்டாரு. அம்பது கிலோமீட்டரைத் தேடிக்கிட்டு இருக்கேன்பான்னேன்."

போய்ச் சேருமா?

இது போன மழைக்காலத்துக்கு முன்பு நடந்தது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நேரம். கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் எங்கள் கடைக்குப் பக்கத்தில் நின்றது. இன்னும் இருவர் ஏற வேண்டும். நான் டீ கிளாஸோடு நின்றிருந்தேன். பின்சக்கரத்தில் ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் செம்பழுப்பாகத் துருக் கோடுகள் ஓடியிருந்தன. நட்டு இளகி ஆடினால்தான் அப்படி வழியும். கிட்டே போனேன். ஒரு துளையில் போல்ட்டே இல்லை. பக்கத்து நட்டு விரலுக்கே சுழன்றது.

டிரைவரிடம் சொன்னேன். "எறக்கி வுட்டுட்டு நேரா உங்ககிட்டதான் பாய் வரேன்" என்றான். உள்ளேயிருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள்: "வண்டிய எடுப்பா, லேட்டா போனா மேஸ்திரி வேற ஆள வச்சிக்குவான்." அவள் சொன்னதும் நிஜம்தான். போகாதே என்று தடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. சக்கரத்தருகிலேயே நின்றேன்.

முன்சீட்டில் இருந்த அஞ்சலை இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும், அந்தப் பெண்களுக்காக மேஸ்திரியிடம் பேசுகிறவர் அவர்தான். துருக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "போய்ச் சேருமா, சேராதா?" என்று கேட்டார். "தெரியலம்மா, சேர்ந்தாலும் சேரும்" என்றேன். அவர் தூக்குப் பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, "எறங்குங்கடி" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் இறங்கினார்கள். செல்வம் ஜாக்கி போட்டுத் தூக்கினான். சக்கரம் தானாகவே வெளிப்பக்கம் சாய்ந்தது. அதைப் பிடித்துக் கழற்றியபோது இரண்டு போல்ட்டின் முனைகள் நட்டோடு என் கையில் வந்தன. பெண்கள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவ்வழியே வந்த இன்னொரு வேனில் பாதிப் பேரை ஏற்றி அனுப்பிவிட்டு, மிச்சப் பேரோடு அஞ்சலை நின்றுகொண்டார். மேஸ்திரி போனில் கத்தியது எனக்கே கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். அன்று வேலைக்குப் போகாமலேயே அவர்கள் நடந்து வீடு திரும்பினார்கள். போகும்போது அஞ்சலை உடைந்த போல்ட் ஒன்றைக் கேட்டு வாங்கித் தூக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நம்மால் யாருக்காவது வேலை போய்விடுமோ என்றே இருந்தது. மறுநாள் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது அதே வேன் நின்றது. அஞ்சலை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். என்ன ஆச்சு என்று கேட்டேன். "போல்ட்ட மேஸ்திரி கையில வச்சேங்க. உருட்டி உருட்டிப் பாத்தாரு. 'எல்லாரும் வேலைய பாருங்க'ன்னுட்டாரு, வேற ஒண்ணும் கேக்கல."

ஆக, நட்டை முடுக்குவதற்கு எனக்குச் சில நிமிடம் போதும், அதை ஏன் சரியாக முடுக்க வேண்டும் என்று பேசிப் புரியவைக்கத்தான் பாதி நாள் போகிறது. கூலி என்னவோ முடுக்கினதற்கு மட்டும்தான் தருகிறார்கள்.