மடங்காத காது

எங்கள் அண்ணன் தையல்காரர். யார் வந்து நின்றாலும் அளவு சொல்லிவிடுவார். வாயை மட்டும் அளந்து பேசத் தெரியாது. அவர் மகளுக்குப் பிறவியிலேயே வலக் காது இல்லை. அந்த இடத்தில் பட்டாணி அளவுக்குக் கொஞ்சம் சதைதான். தினமும் கடைக்குக் கிளம்பும்போது அவளுடைய இடக் காதை மடக்கிக் கிள்ளிவிட்டுத்தான் போவார். விட்டதும் அது படக்கென்று நிமிரும். அவள் சிரிப்பாள்.

பத்து வயதில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

"விலா எலும்போட முனையில இருக்கிற குருத்தெலும்ப எடுத்து, செதுக்கிக் காது பண்ணுவோம்," என்றார் டாக்டரம்மா.

"என்னோடத எடுத்துக்கங்க. பிள்ளைக்கு எதுக்கு வலி?"

"அவளோடதுதான் அவ உடம்புக்குச் சேரும். குருத்தெலும்புக்குள்ள ரத்தக்குழாய் கிடையாதுங்க. மேல மூடுற தோல்லேருந்து ஊறி வர்றதுதான் அதுக்குச் சாப்பாடு. தோல் ஒட்டலைன்னா காது நிக்காது."

அண்ணன், "இடக் காது மாதிரியே மடங்குமா?" என்று கேட்டார்.

"மடங்காது. காதுல இருக்கிறது ரப்பர் மாதிரி இழுபடுற நார் உள்ள வகை. விலாவுல இருக்கிறது வழவழன்னு விறைப்பா இருக்கும். நீங்க முதுகப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கீங்களே, அங்க எலும்புக்கு நடுவுல இருக்கிறது மூணாவது வகை. பாரம் தாங்க முரட்டு நார் அடுக்கினது."

புதுக் காதுக்கு அளவாக, இடக் காதை ஒரு ஃபிலிம் தாளில் வரைந்து எடுத்தார்கள். அண்ணன் சும்மா இருப்பாரா?

"டாக்டர், புரட்டிப் போட்டு வெட்டணும். இல்லைன்னா ரெண்டும் ஒரே பக்கத்துக் காதாயிடும்."

"தெரியுங்க," என்று டாக்டரம்மா சிரித்தார். எனக்குத்தான் மானம் போயிற்று.

தோல் ஒட்டிவிட்டது. காது நின்றுவிட்டது. ஆனால் அண்ணன் அதைத் தொடவே இல்லை. இடக் காதைக்கூடக் கிள்ளாமல் கடைக்குப் போனார். பழக்கதோஷத்தில் கை அந்தப் பக்கம் போய்விடுமோ என்று பயம். பிள்ளை முகம் வாடியதை நான் பார்த்தேன்; அவர் பார்க்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த ஏழாவது மாதம் ஒரு காலையில் வாசலில் வழிமறித்தாள்.

"அப்பா, எதையோ மறந்துட்டுப் போறீங்க."

"டேப் இருக்கு. சாவி இருக்கு."

"தொடலாம்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டாங்க." அவர் கையைப் பிடித்துத் தன் வலக் காதில் வைத்தாள்.

அண்ணன் பட்டுத்துணியைத் தொடுவதுபோலத் தொட்டார். அது மடங்கவில்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா. உங்க விரல் சில்லுன்னு இருக்கு."

அண்ணன் வாசலிலேயே நின்று அழுதார், அவளுடைய இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு.