பாறையில் மாட்டிக்கொண்ட மத்தியானம்

புருஷன் வீட்டிலிருந்து வந்து, அடி அண்ணாமலையில் அண்ணன் வீட்டில் இருந்தேன். இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ. வீட்டுக்குப் பின்னால் முட்புதர்களுக்கு நடுவே மூன்று ஆள் உயரத்தில் ஒரு பாறை. செங்கம் ரோட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கை வழுக்காமலிருக்க உள்ளங்கையில் வெள்ளை மாவைத் தேய்த்துக்கொண்டு, கயிறில்லாமல் அதில் ஏறுவார். அவர் ஊருக்குப் போன பிறகும் அவர் பிடித்த இடங்களில் மாவு ஒட்டியிருந்தது. ஆளில்லாத நேரத்தில் அந்தத் தடம் பார்த்து நானும் ஏறுவேன். வீட்டுக்குள் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியாத நாட்கள் அவை. பாதி உயரத்தில் பாறை வயிறுபோல் பிதுங்கியிருக்கும். அதைத் தாண்ட முடியாமல் மணலில் குதித்துவிடுவேன்.

ஒரு மத்தியானம், என்னை அழைத்துப்போக மாமனார் வருகிறார் என்றான் அண்ணன். "பெரியவங்க பேசி முடிச்சிட்டோம். புடவை கட்டிக்கோ."

பின்வாசல் வழியாக நடந்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். புருஷன் முறுக்கிய தோள் வலித்தது. விரிசலில் விரல்களைச் செருகி, குதிகாலை மேலே தூக்கிப் போட்டு இழுத்தேன். எப்படியோ பிதுக்கத்தைத் தாண்டிவிட்டேன். அதற்குமேல் பிடிக்க ஒன்றுமில்லை. பக்கவாட்டில் நகர்ந்து வந்திருந்ததால் கீழே இப்போது மணல் இல்லை, கூர்கூராகக் கல். வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

தேடிக்கொண்டு வந்த அண்ணி கீழேயிருந்து கத்தினாள். நான் எப்போது கிளம்புவேன் என்று காத்திருந்தவள் அவள்.

"அவங்க வந்துட்டாங்க, எறங்கு!"

"எறங்க முடியல அண்ணி."

"ஐயோ! விழுந்தா நான் புடிச்சிக்கிறேன்."

"நீங்களும் சேந்து விழுவீங்க. தள்ளிப் போங்க."

அவள் தள்ளிப் போகவில்லை. இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றாள். எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கவும் கை இல்லை. விழுந்தால் விழட்டும் என்றுதான் கையை எட்டிப் போட்டேன். மேல் விளிம்பு அகப்பட்டது. முழங்கால் தோல் உரிய, வயிற்றால் ஊர்ந்து உச்சியில் போய்க் குப்புறக் கிடந்தேன்.

"பின்னாடி சரிவா இருக்கு, அப்படி வா," என்றாள் அண்ணி.

"நான் அங்க போவல அண்ணி. கொன்னுடுவான்."

விளிம்பில் எட்டிப் பார்த்தபோது சட்டை விலகித் தோள் தெரிந்தது. கன்றிப்போன இடத்தை அவள் அன்றுதான் பார்த்தாள் போல.

"அங்கியே இரு," என்று சொல்லிவிட்டு வீட்டை நோக்கி வேகமாக நடந்தாள்.

உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கார் கிளம்பியது.

இறங்கி வந்தபோது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தினி நாளைக்கு இங்க இருக்கப் போற?" என்றான்.

"தெரியலண்ணா," என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.