இருபது வளைவு இறங்கினால்

சேலத்துக்குப் பக்கத்தில் மலைமேல் இருக்கும் எங்கள் கல்லூரியில் முதலாமாண்டு சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒரு பரீட்சை வைப்போம். ஒரு பத்தியை வாசித்துப் புரிந்துகொள்வது, நாலு வரி பிழையில்லாமல் எழுதுவது, எட்டாம் வகுப்பு அளவில் கொஞ்சம் கணக்கு. பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது. யாருக்கு எது வரவில்லை என்று பார்த்து, அதை மாலை வகுப்பில் சொல்லிக் கொடுப்பதற்காகத்தான். அதற்கு பிரிட்ஜ் கோர்ஸ் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் மக்கு கிளாஸ்.

கணக்குத் தாளைத் தயாரிப்பதும் திருத்துவதும் அந்த மாலை வகுப்பை எடுப்பதும் என் வேலை. நான் வணிகவியல் ஆசிரியை. இந்த வேலையை யாரும் என் தலையில் கட்டவில்லை, நானே கேட்டு வாங்கினேன். என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு எப்போதும் கொஞ்சம் உண்டு.

இந்த வருடத் தாளில் ஒரு கணக்கு கேட்டிருந்தேன். பறித்து வைத்த ஆரஞ்சுப் பழங்களில் இருபது சதவீதம் அழுகிப்போனது. நானூறு பழம் மிஞ்சியது. முதலில் எத்தனை பழம் இருந்தது? விடை ஐந்நூறு. தெரியாத பிள்ளைகள் வழக்கமாக விட்டுவிடுவார்கள், அல்லது நானூற்றிருபது என்று எதையாவது எழுதி வைப்பார்கள். ஆனால் ஐந்து தாள்களில் நானூற்றெண்பது என்று இருந்தது. நானூற்றில் இருபது சதவீதம் எண்பது, அதைக் கூட்டியிருக்கிறார்கள். ஐந்திலும் விடைக்குப் பக்கத்தில் ஒரு படம். வளைந்து வளைந்து கீழே இறங்கும் ஒரு கோடு, அதை ஒட்டி அதே மாதிரி வளைந்து வளைந்து மேலே ஏறும் இன்னொரு கோடு.

ஆசிரியர் அறையில் அந்தத் தாள்களை எல்லாரிடமும் காட்டினேன்.

"காப்பி அடிச்சிருக்குதுங்க மேடம்" என்றார் ஆங்கிலத்துறைக்காரர்.

"இல்லீங்க சார். அஞ்சும் வேற வேற ரூம்ல எழுதுனதுங்க. ஆனா அஞ்சும் வாழவந்தி ஊருப் பக்கத்துப் புள்ளைங்க. எவனோ ஒருத்தன் இந்தக் கூத்தச் சொல்லிக் குடுத்திருக்கறான். அந்த மகராசன் யாருன்னு தெரிஞ்சா ஏரியில கொண்டு போயி முக்கி எடுக்கணுமுங்க" என்றேன் நான்.

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

மாலை வகுப்பின் முதல் நாள், அந்தக் கோட்டைக் கரும்பலகையில் பெரிதாகப் போட்டேன். "இந்த ரோடு போட்ட இன்ஜினியர் யாருங்க?" என்று கேட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாழவந்திப் பக்கத்துப் பெண்கள் நாலு பேர் மட்டும் சிரிக்காமல், முன் பெஞ்சில் இருந்த ஒருத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய சடை, பெரிய கண்கள். அவள் எழுந்து நின்றாள்.

"நான்தானுங்க மேடம். இவங்களுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தனுங்க."

"உனக்கு யாரு சொன்னாங்க?"

"கொரோனா அப்போ போன்ல வந்துச்சுங்க." அவள் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு ஒப்பிப்பது போலச் சொன்னாள். "இருபது வளைவு எறங்கி சேலம் போனா, திரும்ப ஊட்டுக்கு வரதுக்கு அதே இருபது வளைவு ஏறணும். அப்படீன்னு வந்துச்சுங்க."

அது நான் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது.

ஊரடங்கில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு தோழி என்னிடம் கேட்டாள். மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கைச் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்து அனுப்ப முடியுமா என்று. எடுத்தேன். முகம் காட்டவில்லை, பெயர் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாள், என் கை, என் குரல், அவ்வளவுதான். அந்த வளைவுப் பாடம் கூட்டலும் கழித்தலும் எதிரெதிர் என்று காட்டுவதற்காக எடுத்தது. அதுவரை சரிதான். கடைசியில் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அவசரமாக முடிக்கும்போது, "சதவீதத்துக்கும் இதே கததான். எவ்வளவு கொறஞ்சுதோ அவ்வளவு ஏத்திப் போடுங்க, சரியாப் போயிரும். புரிஞ்சுதா கண்ணு?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சில நாள் கழித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது உறைத்தது. சதவீதத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. திருத்தி இன்னொரு வீடியோ அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப் போட்டேன். அப்புறம், இதை யார் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். வருடங்கள் போனதில் அந்தப் படமே எனக்கு மறந்து போயிருந்தது. தோழி மட்டும், பிள்ளைகள் என் வீடியோவுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள் என்று அடிக்கடி சொல்வாள். கேட்கக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது என் தவறு என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஏரியில் முக்க வேண்டும் என்று ஆசிரியர் அறையில் பேசிய பேச்சு ஞாபகம் வந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே வேறொன்றைச் சொன்னது.

"தனக்கே சரியாத் தெரியாதத அடுத்தவங்களுக்குச் சொல்லித் தரக் கூடாது கண்ணு. பாரு, உன்னால இன்னும் நாலு பேரு தப்பாப் போட்டிருக்காங்க."

"சரிங்க மேடம்" என்று அவள் உட்கார்ந்தாள். நான் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தேன். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மற்ற நாலு பேரிடம் கேட்டேன்.

"நாங்க அவகூடப் பேசறதில்லீங்க மேடம்" என்றாள் ஒருத்தி. "அவளாலதானுங்க நாங்க மக்கு கிளாசுக்கு வந்தோம்."

அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். எத்தனையோ முறை யோசித்துப் பார்க்கிறேன், முதல் நாள் சொன்ன பொய்யை விட இந்தச் சும்மா இருந்ததுதான் என்னை அதிகம் அறுக்கிறது. முதல் நாள் திடுக்கிட்டுப் போய்ச் சொன்னேன் என்று ஒரு சாக்காவது இருக்கிறது. இதற்கு என்ன சாக்கு?

வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்தார்.

"ஏனுங்க மேடம், புள்ளைக்குப் படிப்பு ஏறலைன்னு அதுவே சொல்லுதுங்க. அத மெரட்டி அனுப்ப எனக்கு மனசு வல்லீங்க. ஏரிக்கிட்ட ஒரு லாட்ஜுல வேலைக்குச் சேந்துருச்சுங்க. திங்கக்கெழமை நான் வந்து டி.சி. வாங்கிக்கறனுங்க."

அந்த வீட்டில் கல்லூரி வரை வந்த முதல் பிள்ளை அவள். பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மதிப்பெண். சேர்க்கைக்கு வந்த அன்று, பேங்க் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். டி.சி. வாங்கிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது.

சனிக்கிழமை லாட்ஜுக்குப் போனேன். மதியத்திலேயே பனிமூட்டம் இறங்கி எதிரில் இருந்த ஏரி தெரியவில்லை. அவள் ரிசப்ஷனில் சுடிதாருக்கு மேல் பெரியதாக ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். சுற்றுலா வந்த ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, "உக்காருங்க மேடம்" என்றாள். உட்கார என்னால் முடியவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"கண்ணு, அந்த வீடியோ எடுத்தது நான்தான். தப்பாச் சொன்னதும் நான்தான். நீ சரியாத்தான் வெளங்கிக்கிட்ட. மன்னிச்சுக்கோ."

அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமுங்க மேடம். மொத நாளே உங்க குரலு தெரிஞ்சு போச்சுங்க. ஊர்ல எங்க அண்ணன் போனு ஒண்ணுதானுங்க இருந்துச்சு. பாறை மேல ஏறுனாத்தான் டவர் கெடைக்கும். புள்ளைங்களை எல்லாம் கூட்டிட்டுப் போயி, நான் வீடியோ போட்டுக் காட்டுவேனுங்க. நீங்க புரிஞ்சுதா கண்ணுன்னு கேப்பீங்க. நாங்க அத்தனை பேரும் போனைப் பாத்து, புரிஞ்சுதுங்கன்னு சத்தமாச் சொல்லுவோம்."

அவள் முன்னால் இருந்த பதிவேட்டை மூடி வைத்தாள்.

"திருத்திக் குடுத்த பரீட்சைத் தாளைப் பாத்தப்போ நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டு அவங்க நாலு பேரையும் கெடுத்துட்டேன்னு நெனச்சனுங்க. அதனாலதான் எந்திரிச்சு நின்னேன். நான் அந்த வளைவைச் சொன்னப்போ உங்க மூஞ்சி மாறிப் போச்சுங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, தப்பு என்னுது இல்லைன்னு." மேசை மேல் இருந்த சாவிகளை அடுக்கி வைத்தாள். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே நின்னனுங்க மேடம்."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு வராததால் அவள் போகவில்லை. நான் அங்கே நிற்பதால் போயிருக்கிறாள். இதைக் கேட்ட பிறகும் என் புத்தி, இந்தப் பெண் மன்னித்துவிட்டால் விஷயம் இங்கேயே முடிந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"வந்துரு கண்ணு. திங்கக்கெழம வந்துரு."

"எங்கிட்டச் சொன்னாப் போதுங்களா மேடம்?" என்றாள். "அவங்க நாலு பேரு எங்கூடப் பேசறதில்லீங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். அவள் கோட்டின் நீளக் கையை மடித்து விட்டுக்கொண்டாள். "அப்பா டி.சி.க்கு வருவாருங்க. நானும் கூட வரேன். கிளாசுல உக்காந்துட்டு அப்பறம் அவருகிட்ட முடிவு சொல்லிக்கறனுங்க."

திங்கட்கிழமை அவள் அப்பா அலுவலகத்துக்குள் வராமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தாள். ஆங்கிலத்துறைக்காரரையும் வரச் சொல்லியிருந்தேன். ஏரியில் முக்கும் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களில் ஒருவராவது இதையும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பழைய போனில் அந்த வீடியோ இன்னும் இருந்தது. அதை வகுப்பில் போட்டேன். வளைவு, சேலம், குக்கர் விசில், எல்லாம் வந்தது. கடைசியில் என் குரல், "புரிஞ்சுதா கண்ணு?" என்று கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

"இது என் குரல். தப்பு என்னுது. இவ மேல எந்தத் தப்பும் இல்ல. எல்லார் முன்னாடியும் இவளை நான் பேசினது அதைவிடப் பெரிய தப்பு" என்றேன். பிறகு கடைவீதியில் வாங்கி வந்த ஐந்து ஆரஞ்சை மேசையில் வைத்தேன். ஒன்றை எடுத்தேன். ஐந்தில் ஒன்று போனால் இருபது சதவீதம். மிச்சம் நாலு. இந்த நாலில் இருபது சதவீதம் என்றால் ஒரு முழுப் பழம்கூட வராது. ஒரு சுளையோ இரண்டு சுளையோ குறையும். அதைக் கொண்டு வந்து வைத்தால் பழையபடி ஐந்து ஆகாது. ஒரே நிமிடத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. இந்த ஒரு நிமிடத்தை அன்றைக்குக் குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து செலவழித்திருக்கலாம்.

வகுப்பு முடிந்ததும் அவள் வாசலுக்குப் போய் அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, டி.சி. கேட்காமல் பஸ்ஸுக்கு நடந்தார். அந்தக் கும்பிடுக்கு நான் தகுதியானவள் இல்லை. இருந்தாலும் நானும் கும்பிட்டேன். நாலு பேரும் அவளோடு பேச ஆரம்பித்தார்கள். ஆங்கிலத்துறைக்காரர் இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு இறக்கினேனோ அவ்வளவு ஏற்றிவிட்டேன் என்று அன்று இரவு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

போன வாரம் மாலை வகுப்புக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். கதவருகே நிற்கும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. நாலு பேரில் ஒருத்தி தன் நோட்டை அவள் முன்னால் தள்ளி, "இது எப்படிடீ போடறது? எனக்கு வரவே மாட்டேங்குது, சொல்லிக் குடுடி" என்றாள். பாறை மேல் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு கணக்குச் சொல்லித் தந்தவள் அவள். நோட்டைத் தொடாமல் திருப்பித் தள்ளினாள்.

"எனக்குத் தெரியாதுடி. மேடம் வருவாங்க, அவங்களையே கேட்டுக்கோ."

நான் உள்ளே போனேன். வரிசை வரிசையாக நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு அவளிடம் வந்தேன். அதே கணக்கை அவள் முந்தின நாளே போட்டு முடித்திருந்தாள். விடை சரியாக இருந்தது.