தூணுக்குத் தைத்த மெத்தை

உத்தமபாளையம் கடைத்தெருவில் நத்தர்ஷாவிடம் மெத்தை வாங்கியவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. சொன்னாலும் அவர் விட மாட்டார். "நம்ம மெத்தையில படுத்துட்டு முதுகு வலிக்குதுன்னா, அது முதுகோட கோளாறு" என்பார். போடி மலையடிவாரத்து இலவம் பஞ்சைத் தவிர வேறு பஞ்சைக் கடைக்குள் ஏற்ற மாட்டார். முப்பது வருஷமாகப் பஞ்சு அடித்ததில் புருவமும் மீசையும் எந்நேரமும் நரைத்த மாதிரி இருக்கும். அவர் தெருமுனையில் திரும்பும்போதே இருமல் வீட்டுக்கு வந்துவிடும். ஊருக்கெல்லாம் மெத்தை தைத்த மனுஷன் படுப்பதென்னவோ கோரைப்பாயில்தான்.

அவருக்கு ஒரே மகள், ரெஹானா. 2006-இல் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் இம்மானுவேல் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வேக ஸ்கேட்டிங் பழக்கினார். ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஷூ. காலில் மாட்டினால் நிற்பதே பெரும்பாடு. ரெஹானா அதில் காற்றாய்ப் பறந்தாள். ஆவணியில் மதுரையில் போட்டி இருந்தது. ஆனால் ஆடி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டு வெளித்தரையெல்லாம் வழுக்கியது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கம்பம் ரோட்டுக் கல்யாண மண்டபம் பூட்டியே கிடந்தது. அதன் சொந்தக்காரர் ராஜமணி, "ஒரு மாசம் ஓட்டிக்கங்க சார். ஆவணி பொறந்தா எனக்கு மண்டபம் வேணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

மண்டபம் நல்ல விசாலம். தரையும் வழவழவென்று இருந்தது. ஆனால் நான்கு மூலையிலும் சுவரை விட்டுத் தள்ளி நான்கு கருங்கல் தூண்கள் நின்றன. வேகமாக வருகிறவர்கள் திருப்பத்தில் பிடி தவறினால் நேரே போய்த் தூணில்தான் மோத வேண்டும். இம்மானுவேல் கடைக்கு வந்தார்.

"பாய், இந்தத் தூணுகளுக்கு நீங்கதான் ஒரு வழி பண்ணணும். எல்லாம் நம்ம புள்ளைக மண்டை."

"விடுங்க சார். நம்ம மெத்தையில மோதுனா புள்ளைகளுக்குத் தூக்கம்தான் வரும்" என்றார் நத்தர்ஷா.

தூணைத் தானே போய் அளந்தார். ஆள் உயரத்துக்குத் தடித்த தார்ப்பாய் உறை தைத்துப் பஞ்சை அடைத்தார். சாதாரணமாக மெத்தைக்கு மேலும் கீழுமாக ஊசியை ஊடுருவ விட்டு, சாணுக்கு ஒரு தையல் இழுத்துக் கட்டுவார். பஞ்சு இடம் மாறாமல் இருக்க அந்தத் தையல்தான் காவல். ஆனால் இழுத்துக் கட்டினால் அந்தந்த இடத்தில் மெத்தை இறுகிவிடும், மகளுக்கு வலிக்கும் என்று நினைத்து இந்த முறை அதை விட்டுவிட்டார். பாசத்தில் செய்த வேலை. படுக்கப்போடும் மெத்தையை மட்டுமே ஆயுசுக்கும் தைத்தவருக்கு, நிற்கவைக்கும் மெத்தை வேறு சமாச்சாரம் என்று தோன்றவில்லை. நான்கைத் தூண்களில் கட்டிவிட்டு, கூடுதலாகத் தைத்த ஐந்தாவதைக் கடை மூலையில் சுவரோடு சாத்தி வைத்தார்.

பயிற்சி மும்முரமாக நடந்தது. முதல் வேலை தரையைக் கூட்டுவது. போன கல்யாணத்து அட்சதை அரிசி ஒன்று சக்கரத்தில் சிக்கினாலும் ஆள் காலி என்பதால், பிள்ளைகள் மூலை முடுக்கெல்லாம் குனிந்து தேடுவார்கள். பிறகு சக்கரத்து நட்டைத் திருகிப் பார்த்து, ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அதற்கப்புறம் இம்மானுவேலின் ஒரே பாட்டு: "உக்காரு, உக்காரு! நாற்காலியில உக்காந்த மாதிரி. திருப்பத்துல வலது கால எடது காலுக்கு மேல போடு. விழப்போறோம்னு தெரிஞ்சா இன்னும் கீழ உக்காரு. நிமிந்தா போச்சு!"

அப்படி ஒருநாள் ரெஹானா குனிந்து பறக்கும்போதுதான் நத்தர்ஷா தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு பெருமையாக மண்டபத்துக்குப் போனார். அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முகம் சுளித்தார். "என்னடா தம்பி இது? வயசுக்கு வந்த புள்ள இப்படி வளைஞ்சுக்கிட்டு... நாலு பேரு என்ன பேசுவாக?" அந்த நாலு பேருக்குத்தான் எவ்வளவு அதிகாரம்! அதுவரை மகளின் வேகத்தை மட்டுமே பார்த்தவருக்கு அன்றைக்குக் கூச்சம் வந்துவிட்டது. வீட்டில் மகளைக் கூப்பிட்டார்.

"தாயி, கொஞ்சம் நிமிந்து ஓட்டக் கூடாதா?"

"நிமிந்தா வேகம் வராது அத்தா. சார் திட்டுவாக."

"நான் இருக்கும்போதாச்சும் நிமிந்து ஓட்டு தாயி. அத்தாவுக்காக."

ரெஹானா சற்று நேரம் ஷூவின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி அத்தா. நீங்க வந்தா நிமிந்துக்கிறேன்" என்றாள். அதற்கப்புறம் நத்தர்ஷா மண்டபத்துப் பக்கமே போகவில்லை. போனால் அவள் வேகம் கெடும், போகாவிட்டால் அவள் குனிவது கண்ணில் படாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆடிக் காற்று கூரைத் தகரத்தையெல்லாம் பிய்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் ஒரு மாலை, ரெஹானா தோளைத் தேய்த்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தாள்.

"அத்தா, மெத்தை இடுப்புக்கிட்ட நல்லா மெத்துன்னு இருக்கு. தோளு பட்டாத்தான் உள்ள கல்லு இருக்கிறது தெரியுது."

நத்தர்ஷாவுக்குச் சுருக்கென்றது. "நம்ம மெத்தையில கல்லு தெரியுமா? ஓட்டத் தெரியாம மோதிட்டு மெத்தையக் குறை சொல்லுறியா?"

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன்" என்றார் அவர் மனைவி லத்திபா.

"ஆவணிக் கல்யாணத்துக்குப் பதினாறு மெத்தை நிக்குது. எனக்கு எங்க நேரம்?"

அன்றே போயிருக்கலாம். மண்டபத்துக்கு வண்டியில் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அவர் போகவில்லை.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம், கடையில் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்க எழுந்து, மூலையில் சாத்தியிருந்த ஐந்தாவது மெத்தையில் கையை ஊன்றினார். கை பஞ்சில் அமுங்கவில்லை. விரல் முட்டி சுவரில் இடித்தது.

அவர் மறுபடி அழுத்திப் பார்த்தார். தலை உயரத்தில் வெறும் துணி. நெஞ்சு உயரத்தில் விரல் கனத்துக்குப் பஞ்சு. கீழே முழங்காலிடம் மூட்டை மாதிரி புடைத்துக் கிடந்தது. பிடித்து நிறுத்தத் தையல் இல்லாத பஞ்சு, இருபத்தைந்து நாளில் பையப் பைய இறங்கிவிட்டது. யாரும் தொடாமல் சும்மா நின்ற மெத்தைக்கே இந்தக் கதி. தினமும் பத்துப் பிள்ளைகள் மோதுகிற மெத்தைகள் என்ன ஆகியிருக்கும்! தடித்த தார்ப்பாய் விறைப்பாக நின்றதால் வெளியே பார்க்க எல்லாம் முழுசாகத்தான் தெரியும். கடிகாரம் ஐந்தேகால் காட்டியது. பயிற்சி தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு மொபெட்டை உதைத்தார். எதிர்க்காற்று புழுதியை வாரிக் கண்ணில் அடித்தது. 'யா அல்லா, அந்தப் புள்ள விழாம இருக்கணும், விழுந்தாலும் கீழ விழணும்' என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார். கீழேதான் பஞ்சு இருக்கிறது. குனிந்து உட்கார்ந்து மோதினால் ஒன்றும் ஆகாது. அவள் நன்றாகக் குனிந்து ஓட்டுகிறவள்தானே என்று நினைத்தபோது கொஞ்சம் தெம்புகூட வந்தது.

மண்டபத்து வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ரெஹானா தூரத்து முனையிலிருந்து நேர்க்கோட்டில் வந்துகொண்டிருந்தாள். ஒரு கை முதுகில், தொடை தரைக்குச் சமமாக, அம்பாக வந்தாள். நத்தர்ஷா கையைத் தூக்கி, "தாயி!" என்று கத்தினார். மேலே பேச விடாமல் இருமல் அடைத்தது.

அவள் திருப்பத்துக்குள் நுழையும்போது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பார்த்ததும் நிமிர்ந்தாள். அந்த வேகத்துக்கு நிமிர்ந்த உடம்பு வளையவில்லை. சக்கரம் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போக, நின்ற வாக்கில் தூணில் போய் மோதினாள். மெத்தையில் மோதின சத்தம் இல்லை அது. கல்லில் மோதின சத்தம்.

ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருந்த அந்த வார் இல்லாவிட்டால் பிளந்திருப்பது வேறு. தேனி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். நத்தர்ஷா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தபடியே இருந்தார். வந்தவர்களிடமெல்லாம், "தப்பு என்னுதுதான். தைக்காம விட்டுட்டேன்" என்று சொன்னார். தன் தொழிலில் தப்பு என்று அவர் வாயால் சொல்லி ஊர் கேட்டது அப்போதுதான்.

நான்காம் நாள் காலையில் ரெஹானா கண் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள், கீழே அத்தாவைப் பார்த்தாள். உதடு காய்ந்து பேச்சு சரியாக வரவில்லை. நத்தர்ஷா எழுந்து காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"நீங்க வந்தீகள்ல அத்தா," என்றாள் அவள், "உடனே நிமிந்துட்டேன். பாத்தீகளா?"