தமிழில் பேசிய ஆறு நிமிடம்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண் கூடை தூக்கப் போனபோது எனக்கு வயது பதினொன்று. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதன் பிறகு நான் கட்டியவற்றைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். சொந்தமாகச் சூளை கட்டினேன். முதல் சூளை மழையில் சரிந்தது, இரண்டாவது சூட்டில் பிளந்தது, மூன்றாவது நின்றது. அதில் வெந்த பீஸ் கேரியர்கள் வேப்பூரிலும் ஸ்ரீமுஷ்ணத்திலும் எத்தனையோ வீடுகளின் மின்பெட்டிக்குள் இன்றும் இருக்கின்றன. கருவேப்பிலங்குறிச்சி போகிற சாலையில் மாடி வைத்து வீடு கட்டினேன். தீயின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வேன். டிப்ளமோ படித்து வந்தவர்கள் மீட்டரைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். மகள் தமிழ்ச்செல்வியை இன்ஜினியர் ஆக்கினேன். இதில் எதற்கும் எவரும் கை கொடுத்ததில்லை. இவ்வளவு செய்தவனை எந்தப் பள்ளிக்கூடமும் ஒரு நாளாவது கூப்பிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டதும் இல்லை.

இங்கே கேட்கிறார்கள். மகளோடு இருக்கலாம் என்று அமெரிக்காவுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. பெரிய ஏரியின் கரையில் இருக்கிற நகரம். பேத்தி யாழினி படிப்பது அரசாங்கப் பள்ளி. அவள் பைக்குள் வாரம் ஒரு கடிதம் வரும். மதியச் சாப்பாட்டை மாற்றப் போகிறோம், உங்கள் கருத்து என்ன? பஸ் நேரத்தை மாற்றப் போகிறோம், உங்கள் கருத்து என்ன? முதல் கடிதம் வந்த அன்று பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நம் ஊரில் பள்ளிக்கூடம் அப்பாவைக் கூட்டி வரச் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. இங்கே சாம்பார் மாதிரி ஒன்றை ஊற்றலாமா வேண்டாமா என்பதற்குக்கூடக் கடிதம் போடுகிறார்கள் என்று தெரிந்து, அந்தத் தாளை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் வந்த கடிதம் அப்படிச் சாதாரணமானதல்ல. யாழினிக்குத் திக்குவாய். இரண்டு வருடத்துக்கு முன்பெல்லாம் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். தலையை ஆட்டியே பொழுதை ஓட்டிவிடுவாள். பேச்சுப் பயிற்சிக்கென்றே ஒரு டீச்சரம்மாவை அந்தப் பள்ளியில் வைத்திருந்தார்கள். அந்த அம்மா வாரம் மூன்று நாள் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பழக்கியதில், இப்போது தன் பெயரை முழுதாகச் சொல்கிறாள். கொஞ்ச நேரம் எடுக்கும், ஆனால் சொல்லி முடிப்பாள். அந்த டீச்சரை மூன்று பள்ளிகளுக்குப் பங்கு போட்டு, யாழினியின் பள்ளிக்கு வாரத்தில் அரை நாள் மட்டும் தரப்போகிறோம், ஆட்சேபணை இருந்தால் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வந்து சொல்லலாம் என்று கடிதம் வந்திருந்தது.

மகள் போவதாகச் சொன்னாள். நானும் கிளம்பினேன். அதிகாரிகளைப் பார்க்க வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சரிகைக்கரைச் சால்வை ஒன்றை எடுத்துக்கொண்டேன். கடையில் எலுமிச்சம்பழமும் கிடைத்தது.

வாசலில் பெயர் பதிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நானும் மகளும் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு அவள் ஏதோ கேட்டாள்.

“இன்னாவாம்?” என்றேன்.

“நீயும் பேசுறியான்னு கேக்குறாங்கப்பா. ஆளுக்கு மூணு நிமிஷம். வேற பாஷையில பேசுனா, இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லணும் இல்ல, அதுக்காக ஆறு நிமிஷம் தராங்களாம். நான் வேணாம்னுட்டேன்.”

“ஏன் வேணாம்னுட்ட? எழுதுடி.”

இங்கிலீஷ் தெரியாதவனுக்கு இரண்டு பங்கு நேரம். இதை வாசிக்கிறவர்கள் ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். இங்கிலீஷ் தெரியாததால் எனக்குக் கூடுதலாக ஒன்று கிடைத்தது என் ஆயுசிலேயே அன்றுதான்.

உள்ளே மேடையில் ஏழு பேர். கீழே ஒரு மைக். மைக்கின் பக்கத்தில் சின்ன விளக்கு. நேரம் இருந்தால் பச்சை, முடியப்போனால் மஞ்சள், முடிந்தால் சிவப்பு. எங்களுக்கு முன்னால் பேசிய அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை செய்பவர் என்று மகள் சொன்னாள். வேலை உடுப்போடே வந்திருந்தார். மகள் காதோரம் சொன்னபடி, போன மாதம் நீங்கள் சொன்னது பதிலே இல்லை, இன்றைக்காவது பதில் சொல்லுங்கள் என்று மேடையைப் பார்த்துக் கேட்டார். கத்தவில்லை, கும்பிடவில்லை. நடுவில் இருந்த தலைவியம்மா குனிந்து எழுதிக்கொண்டு, அந்த அம்மாவுக்கு நன்றியும் சொன்னார். யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆயிரத்து இருநூறு டிகிரி சூளையின் முன்னால் நின்றபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

அடுத்து மகள் போனாள். இரண்டு நாளாக எழுதி வைத்த தாள் கையில் இருந்தது. தலைவிக்கு நன்றி, குழுவுக்கு நன்றி, பள்ளிக்கு நன்றி. நன்றி என்பதற்கு உண்டான இங்கிலீஷ் எனக்குத் தெரியும், எண்ணிக்கொண்டே இருந்தேன். விளக்கு மஞ்சளானது, சிவப்பானது. கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அவள் இதைக் கற்றது என்னிடம்தான். ஊரில் அவள் பன்னிரண்டாவது படித்த வருடம் இயற்பியலுக்கு வாத்தியார் இல்லை. அரையாண்டுப் பரீட்சையும் நெருங்கிவிட்டது. “வந்து கேளுப்பா” என்று நச்சரித்தாள். பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்று வாங்கி, கீழே ‘அன்பளிப்பு: கோ. தங்கவேல், பீங்கான் தொழிலகம்’ என்று சிவப்பில் எழுதவைத்து எடுத்துப்போனேன். தலைமையாசிரியை டீ வரவழைத்துக் கொடுத்தார். கடிகாரத்தை மாட்டினார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“கேட்டியாப்பா?”

“கடியாரம் குடுத்துட்டேம்மா. அவங்களே பாத்து செய்வாங்க.”

பரீட்சை வரைக்கும் வாத்தியார் வரவில்லை. சனி, ஞாயிறு பஸ் ஏறி ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் போய்ப் படித்துத் தேறினாள்.

மேடையிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நேராக மேடைக்குப் போய்ச் சால்வையை விரித்தேன். தலைவியம்மா சிரித்துக்கொண்டே “நோ, நோ” என்றார். நம்மவர்களும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், இரண்டு தரம் மறுப்பதுதானே மரியாதை. மூன்றாம் தரம் நீட்டியபோது காவலாளி வந்துவிட்டார். மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

“வுடுப்பா. இங்க எதுவும் வாங்கக் கூடாது. லஞ்சம்னு ஆயிடும்.”

“சால்வை எப்படிடி லஞ்சமாவும்?”

“அப்பா, வெளக்கு எரியுது. பேசு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் இருப்பதைக் கொடுக்க முடியாது. கொடுத்துவிட்டுத் திரும்பவும் முடியாது. மிச்சம் இருந்தது வாய் மட்டும்தான். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

“நான் சூளை வச்சிருந்தேங்க. களிமண்ணு பச்சையா இருந்தா தண்ணி ஊத்தித் திரும்பப் பெசஞ்சுக்கலாம். நல்லா வெந்துட்டா பீங்கான். பாதி வெந்ததுல தீய நிறுத்திட்டா, அது மண்ணாவும் ஆவாது, பீங்கானாவும் ஆவாது. எம் பேத்தி பாதி வெந்துகிட்டு இருக்குது. அந்த டீச்சரம்மாவ எடுக்காதீங்க.”

மகள் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள். நான் பேசியது நாலு வரி. அவள் பேசிக்கொண்டே போனாள். யாழினியின் பெயர் வந்தது. மூன்று என்றாள், அரை என்றாள், இன்னொரு பிள்ளையின் பெயரையும் சொன்னாள். தாளைப் பார்க்கவில்லை. குரல் ஏறியது. ஒரு நன்றிகூட வரவில்லை. என் வாய்க்குள் ஒளிந்துகொண்டு அவள் பேசுகிறாள் என்று புரிந்தது. அவள் மூச்சு வாங்கினால் நான் “ஆமாங்க” என்று ஒன்று போடுவேன், மறுபடி தொடங்குவாள். பச்சை எரிந்துகொண்டே இருந்தது. தலைவியம்மா எழுதிக்கொண்டே இருந்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. டீச்சரம்மா இந்த வருடம் முழுக்க அதே பள்ளியில் அதே மூன்று நாளும் இருப்பார். யாழினியிடம் சொன்னபோது “ச... சரி தாத்தா” என்றாள். நம் ஊரிலும் இப்போது பள்ளி மேலாண்மைக் குழு என்று பெற்றோரைக் கூப்பிடுகிறார்களாம், என் தம்பி போனில் சொன்னான். கூப்பிட்டால் போங்கள். கடிகாரம் எடுத்துப் போகாதீர்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். அந்தக் கூட்டத்தில் பேசியவர்கள் பட்டியலைக் குழு வெளியிட்டிருக்கிறது. மகள் வாசித்துக் காட்டினாள். கோரிக்கை வைத்தவர் தமிழ்ச்செல்வி என்று இருக்கிறது. அதன் கீழே ‘மற்றும் குடும்பத்தினர் ஒருவர்’ என்று இருக்கிறது. அந்த ஒருவர் நான். வாயே திறக்காமல் திரும்பி வந்த இடத்தில் என் பெயர் சிவப்பு எழுத்தில் சுவரில் தொங்குகிறது. அதற்கு மேலே கடிகார முள் இன்னும் ஓடுகிறது என்று தம்பி சொல்கிறான். வாய் திறந்த இடத்தில் என் பெயர் இல்லை. மகளின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, அது அவள் சம்பாதித்தது. ஆனால் அவள் முதலில் நின்றபோது இருந்தது மூன்று நிமிடம், அது நன்றியிலேயே போயிற்று. கேட்டது முழுக்க என் ஆறு நிமிடத்தில். அதனால் திருத்தி எழுதச் சொல்லிக் கடிதம் எழுதவைத்து, கையெழுத்தைத் தமிழிலேயே போட்டு அனுப்பியிருக்கிறேன்: பேசியவர், கோ. தங்கவேல், விருத்தாசலம். ஊர்ப்பெயரையும் சேர்த்துப் போட வேண்டும்.