பச்சைத் துணியில் போட்ட முடிச்சு

அந்த வீட்டுக்கு யார் போனாலும் அடுப்படியில்தான் உட்கார வேண்டும். முன்னறை முழுக்க ஒரு பில்லியர்ட்ஸ் மேசை அடைத்துக்கொண்டு நிற்கும். மூடிப்போன ஏதோ கிளப்பிலிருந்து டிரைவர் அதைக் கொண்டுவந்த அன்று, கல் பலகை உள்ளே நுழைய ஜன்னல் கம்பியையே அறுக்க வேண்டியதாயிற்று. "நான் சோபா கேட்டேன், இவர் சக்களத்தியைக் கூட்டிக்கிட்டு வந்துட்டார்" என்று தையல்காரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

டிரைவர் என்றால் அவள் புருஷன். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். மனுஷன் வேறு எதிலும் கறார் கிடையாது. குழம்பில் உப்பே இல்லையென்றாலும் வாயைத் திறக்க மாட்டார். அந்தப் பச்சைத் துணிக்கு மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல். மேசைமேல் டம்ளர் வைக்கக் கூடாது, வளையல் போட்ட கையை ஊன்றக் கூடாது. ஆடி முடித்ததும் பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தேய்த்து, பழைய ரெயின்கோட்டில் அவள் தைத்துக்கொடுத்த உறையைப் போட்டு மூடிவிடுவார். மகள் சின்னவளாக இருந்தபோது ஒருதரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிவிட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தார். கோபம் வந்தால் அவருக்கு அது ஒன்றுதான் தெரியும்.

அவர் அந்தத் துணியில் வைத்திருந்தது ஒரே ஒரு குறி. முக்கோணச் சட்டத்துக்குள் பந்துகளை அடுக்கும்போது முன்னால் நிற்கிற பந்து உட்கார வேண்டிய இடம். அவளுடைய அளவு டேப்பை வாங்கி, இப்படியும் அப்படியும் அளந்து, பென்சிலைக் கூராகச் சீவிக் கடுகில் பாதி அளவுக்கு ஒரு புள்ளி வைத்திருந்தார். இதற்கென்றே கடையில் ஒட்டுகிற வில்லை விற்கிறது என்று கூட ஆட வந்த மெக்கானிக் சொன்னதுதான் தாமதம், டிரைவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஒரு முடி கிடந்தாலே பந்து தடுக்கும்யா. வில்லை ஒட்டணுமாம்!"

அந்தப் புள்ளி வளர ஆரம்பித்தது. கடுகு மிளகாச்சு. மிளகு பட்டாணியாச்சு. ஒருநாள் பார்த்தால் அவளுடைய தையல் சாக்பீஸால் வெள்ளையாக ஒரு கூட்டல் குறி. அதற்கப்புறம் அவர் வேண்டவே வேண்டாம் என்ற வில்லையே வந்து ஒட்டிக்கொண்டது. "வயசானா கொள்கையும் இளகிடும் போல" என்று அவள் கிண்டல் பண்ணினாள். அவர் சிரிக்கவில்லை. மெக்கானிக்கையும் இப்போதெல்லாம் ஆடக் கூப்பிடுவதில்லை, தனியாகத்தான் ஆடினார்.

பிறகு ஒரு சாயங்காலம், அவள் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்றார்.

"வில்லை உரிஞ்சி உரிஞ்சி வருது. நீ நூல்ல ஒரு முடிச்சுப் போட்டுக் குடேன்."

"எதுல?"

"துணியிலதான்."

அவளுக்குக் கால் மிதியில் நின்றுவிட்டது. வளையல் படக் கூடாத துணியில் ஊசியா? "கீழ கல்லுங்க. ஊசி இறங்காது. மேல் நூலை மட்டும் கிள்ளிப் பிடிச்சுத்தான் போடணும். பந்து தடுக்காதா?"

"தடுத்தா தடுக்குது. கைக்குத் தட்டுப்படுற மாதிரி போடு."

கைக்கு. அந்த வார்த்தை அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. முடிச்சைப் போட்டுக்கொடுத்துவிட்டு அவரையே கவனித்தாள். டீயை ஊற்றும்போது டம்ளர் விளிம்பில் விரலை வைத்துக்கொள்கிறார். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பக்கமே திருப்பாமல் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், கண்ணுக்கென்ன, போன தடவை பரிசோதனையில் பாஸ் என்கிறார். வருஷா வருஷம் அதே அட்டை, அதே எழுத்து. அவருக்கு அது மனப்பாடம், தினம் ஓட்டுகிற வழியைப் போல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு அவள்தான் யூனிஃபார்ம் தைக்கிறாள். எவன் இடுப்பு பெருத்தது, எவள் பாவாடைக்கு மடிப்பு அவிழ்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சந்தேகத்தை வைத்து ஒரு மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போடவும் கூடாது, சந்தேகம்தானே என்று சும்மா இருக்கவும் கூடாது. அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம் உறையை விலக்கினாள். முடிச்சைப் பிரித்தாள். அது இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் பக்கவாட்டில், ஜன்னல் பக்கமாக, புதிதாக ஒன்று போட்டாள். கோணல் யார் கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும். தெரியட்டும், கோபம் வரட்டும், நாலு நாள் பேசாமல் இருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் வந்தார். துணியைத் தடவினார். விரலில் முடிச்சு தட்டுப்பட்டது. அதன்மேல் முன்பந்தை வைத்துச் சட்டத்தைச் சரிபண்ணி எடுத்தார். பந்துகள் அத்தனையும் ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்றன. அவர் மறுகோடிக்குப் போய், வெள்ளைப் பந்தை நடுவில் வைத்து, குனிந்து, இத்தனை வருஷப் பழக்கத்தில் நேராக ஓங்கி அடித்தார்.

பந்துகள் சிதறுகிற சத்தம் வரவில்லை. வெள்ளைப் பந்து ஒன்றையும் தொடாமல் போய்க் கடைசிக் கட்டையில் முட்டித் திரும்பியது. அவர் கோலைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டு நின்றார். அவள் மெஷினிலிருந்து எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"முடிச்சை நான்தாங்க மாத்தினேன். ஒரு சாண் தள்ளி."

அவர் கோலை மேசையோரம் சாய்த்து வைத்தார். பிறகு, "ரோடு வேறடி. ரோடு பெருசு" என்றார்.

"ரோடு பெருசுதாங்க. புள்ளைங்க சின்னதுங்க."

"வண்டிய விட்டா நான் யாரு? இங்க உக்காந்து உனக்குப் பட்டன் தைக்கவா?"

"தைங்க. நாளைக்கு வண்டியத் தொடாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் அவள் கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. அவள் பின்னாலேயே போனாள். பஸ்கள் நிற்கிற முற்றத்தில் மற்ற டிரைவர்கள் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக மேற்பார்வையாளரிடம் போய், "எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியலைங்க" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டாள். மெதுவாகச் சொன்னால் அமுக்கிவிடுவார்களோ என்று பயம்.

மேற்பார்வையாளர் நம்பவில்லை. பாதி விளையாட்டாக, பத்தடி தள்ளி நின்று கையைத் தூக்கினார். "அண்ணே, இது எத்தனை விரல்?"

"மூணு" என்றார் டிரைவர் கம்பீரமாக.

மேற்பார்வையாளர் தூக்கிக் காட்டியது மூடிய முஷ்டி. கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. டிரைவருக்கு அந்த அமைதியிலேயே புரிந்துவிட்டது. சாவியை நீட்டினார். அதை வாங்க எந்தப் பக்கத்திலிருந்து கை வருகிறது என்று தெரியாமல் நீட்டியபடியே நின்றார்.

கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, முன்னாலேயே வந்திருந்தால் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கலாம் என்றார் டாக்டர். இனி கண் கெட்டபிறகு யாரை நொந்து என்ன? மிச்சமிருந்த வெளிச்சமும் மெல்ல மெல்லப் போய்விட்டது. மகள் ஊரிலிருந்து வந்தால் அவளோடு பேசுவார். மனைவியிடம் வேண்டியதை மட்டும் கேட்பார். அவள் பிள்ளைகளின் சட்டைகளைத் தைத்து மடித்து அடுக்குவாள். ஒரு சட்டைகூடக் குறையவில்லை. செய்தது தப்பென்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தப்பில்லை என்பதால் வலிக்காமல் போய்விடுமா?

அவர் சாவியைக் கொடுத்த அன்றைக்கே முடிச்சைப் பழைய இடத்திலேயே அவள் திரும்பப் போட்டுவிட்டாள். ஜன்னல் பக்கம் பிரித்த இடத்தில் துணி லேசாகப் பிசிறி ஒரு வடுவாக நின்றுவிட்டது. அவர் இன்னும் சாயங்காலமானால் உறையை எடுத்து ஆடுகிறார், சத்தத்தை வைத்து. அடுக்குவதற்கு முன்னால் அவர் விரல் முதலில் அந்த வடுவுக்குப் போகும். அப்புறம் முடிச்சுக்கு. அதோடு விடமாட்டார். ஒரு பக்கக் கட்டையிலிருந்து முடிச்சுவரை சாண் போட்டு அளப்பார், மறுபக்கத்திலிருந்தும் அளப்பார். இரண்டும் சரியாக இருந்தால்தான் முன்பந்தை வைப்பார்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். "நான் மாத்தலைங்க" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையாட்டுவார். தலையாட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளப்பார்.